சாமி, ஒண்ணு, ரண்டு

ஆவாரங்கரட்டுச் சந்தைத் திடலில் காலை ஒன்பது மணிக்கே தகரப் பந்தல் சுட ஆரம்பித்துவிட்டது. பந்தலுக்குள் ஒரு மர மேசை. மேசைமேல் யுவஸ்ரீயின் லேப்டாப். அதிலிருந்து ஒரு ஒயர் ஓடிப் போய், கலியாண வீடியோக்காரரிடம் வாடகைக்கு எடுத்த பெரிய திரையில் செருகியிருந்தது. திரையில் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அதற்கு முன்னால் நாற்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வராத படத்தை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்குக் குலுக்கல். புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் மாடு, குதிரை, ஆடு என்று எந்த உருப்படி எந்த முளைக்குச்சியில் என்று எல்லாம் முடிவாகிவிட வேண்டும். மறுநாள் விடிந்தால் சந்தை.

அந்தியூர்ச் சந்தை கலைந்த இரண்டாவது வாரம் கூடுகிற இந்தச் சந்தைக்கு என்ன வயது என்று யாருக்கும் தெரியாது. இடம் பிடிக்கிற வழக்கம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். லாரியும் டெம்போவும் வைத்திருக்கிறவர்கள் மூன்று நாள் முந்தியே வந்து தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய குச்சிகளை வளைத்துக்கொள்வார்கள். ஒற்றை மாட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்தே வருகிறவர்களுக்கு வேலியோரம்தான் கதி. அங்கிருந்து ஒரு குடம் தண்ணீருக்கு நடையாய் நடக்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே பேரம் படிந்து திரும்பிவிடுவார்கள். யுவஸ்ரீயின் அம்மா சின்னாத்தாள் போன வருஷம் தன் பர்கூர்ச் செவலைப் பசுவோடு இரண்டு நாள் அந்த வேலியோரம் நின்றாள். ஏன் என்று கேட்க ஒரு ஆள் வரவில்லை. பசுவை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவள், "அதுக்கும் சந்தைய வேடிக்கை பார்க்கோணும்னு ஆசை இருக்குமல்லோ, காட்டிப்போட்டு வந்தேன்" என்று சிரித்தாள். யுவஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை.

வைகாசியில் நடந்த கமிட்டிக் கூட்டத்தில், கோயமுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்று, கம்ப்யூட்டரில் குலுக்கல் போடலாம் என்று சொன்னவள் அவள்தான். சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதுவது அவள் உத்தியோகம். குச்சி அடிக்கிற ஆறுச்சாமி மகள் இப்படி எழுந்து பேசியதில் சிலருக்கு முகம் கோணியது. கமிட்டித் தலைவர் தெய்வாத்தாள் மட்டும் கோணவில்லை. கொப்பரைக் களம் வைத்து நாற்பது ஆட்களை மேய்க்கிற அம்மாள், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு மேலாகப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவதான் அம்மணி. சனத்துக்கு முன்னால. நல்லா நடந்துச்சுன்னா வருசா வருசம் உன்ற குலுக்கல்தான். தப்பிப்போச்சுன்னா அதோட சரி, பழையபடி முந்துனவனுக்கு எடம். அப்பறம் என்ற காலம் முடியற மட்டும் யாரும் இந்தப் பேச்சு எடுக்கப்படாது."

அந்த ஒரே தடவைதான் இன்றைக்கு.

பக்கத்து நாற்காலியில் பிரவீனா இருந்தாள். அதே கம்பெனி, அதே ஜாவா, சிங்காநல்லூர்க்காரி. சந்தை பார்க்கிற சாக்கில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். வந்ததிலிருந்து கம்பங்கூழும் கையுமாக இருந்தாள்.

ஒன்பதரைக்குத் தம்பிதுரை வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வெள்ளைக் குதிரையின் சலங்கைச் சத்தம் வந்தது. ஐந்து டெம்போ வைத்திருக்கிற மனிதர். பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டிக்கு நேர் எதிரே அவர் குதிரைதான்.

"ஏனுங் கண்ணு, இந்தப் பொட்டியில எப்படிக் காட்டுவீங்க?"

"ஒவ்வொரு உருப்படியாப் பேர் வருமுங்கண்ணா. பேருக்கு நேரா குச்சி நம்பர்."

"ஒண்ணொண்ணாவா?" தம்பிதுரை துண்டை உதறித் தோளில் போட்டார். "எனக்கு உங்க மேல ஒண்ணும் சந்தேகமில்லீங்க. ஆனா உங்கம்மா மாடும் இதுல இருக்குது. ஒண்ணொண்ணாக் காட்டுனா, நடுவுல எதையாவது நகத்திப்போடுவீங்கன்னு நாலு பேரு சொல்லுவாங்க."

"எந்த நாலு பேருங்கண்ணா?"

"நானும் என்ற மூணு மச்சானுங்களும்."

பந்தலே சிரித்தது. தெய்வாத்தாளும் சிரித்தார், ஆனால் தலையை ஆட்டினார். "அவன் கேக்கறதும் ஞாயந்தான் அம்மணி. முழு வரிசையும் ஒரே மூச்சுல காட்டிப்போடு. பொறகு எவனும் வாயத் தொறக்க முடியாது."

முழு வரிசையும் ஒரே மூச்சில். நாலு வரி வேலை. யுவஸ்ரீ தலையை ஆட்டிவிட்டு அடிக்க ஆரம்பித்தாள். பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு எழுதி முடித்துத் தன் சின்னத் திரையில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள்.

விழுந்தது. முழங்கால் மடிந்து விழுகிற மாடு மாதிரி புரோகிராம் விழுந்தது. சிவப்புச் சிவப்பாய் ஏழெட்டு வரி. அவள் முதல் வரியை மறுபடி படித்தாள்.

"என்னடி?" என்றாள் பிரவீனா.

"ஆப்ஜெக்ட் வரிசையைக் குதிரை வரிசையா மாத்த முடியாதாம்."

பிரவீனா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "நான் அன்னைக்கே சொன்னேன்."

சொன்னாள்தான். மூன்று வாரம் முன்பு சரவணம்பட்டியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது அது. வரிசை என்று ஒரு கிளாஸ், ஜாவாவில் ஒரு வார்ப்பு அச்சு மாதிரி, எழுதிக்கொண்டிருந்தாள் யுவஸ்ரீ. வரிசைக்குள் இடங்கள். ஜாவாவில் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் இடம் போட்டு வைப்பதற்கு அர்ரே என்று பெயர். மாட்டுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று என்று மூன்று தடவை எழுதுவானேன் என்று, உருப்படியின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'டி' என்று ஒற்றை எழுத்தை வைத்து ஒரே தடவையாக எழுதினாள். அதுதான் ஜெனரிக். என்ன உருப்படி என்பதைப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் அழகாக வந்தது. 'டி'க்கு இத்தனை இடம் புதிதாகப் போடு என்று ஒரு வரி அடித்தாள். அங்கேதான் கம்பைலர், நாம் எழுதுவதைப் படித்துப் பார்த்து மெஷினுக்கு எடுத்துச் சொல்கிற அந்த உத்தியோகஸ்தர், சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிட்டார். ஜெனரிக் அர்ரே உண்டாக்க முடியாது. அவ்வளவுதான் பேச்சு.

அவள் ஒரு குறுக்கு வழி பண்ணினாள். ஜாவாவில் ஆப்ஜெக்ட் என்று ஒன்று உண்டு. மாடும் ஆப்ஜெக்ட், குதிரையும் ஆப்ஜெக்ட், மண்ணாங்கட்டியும் ஆப்ஜெக்ட். அந்தப் பொதுப் பெயரில் அத்தனை இடம் போட்டு, இது 'டி' வரிசைதான் என்று மேலே ஒரு சீட்டை ஒட்டினாள். கம்பைலர் நிறுத்தவில்லை; மஞ்சள் கோடு போட்டு முனகினார். முனகலை நிறுத்தவும் ஒரு வரி இருக்கிறது. அதையும் எழுதினாள்.

"வாய அடச்சுட்டா வவுத்துவலி போயிருமா?" என்று பிரவீனா அன்றைக்கே கேட்டாள். யுவஸ்ரீ கேட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் ஓடியது. ஒவ்வொரு உருப்படியாக எடுத்துக் காட்டுகிற மட்டும் நன்றாகவே ஓடியது. இன்றைக்கு முழு வரிசையையும் அப்படியே தூக்கி வெளியே கொடுத்தபோதுதான் சீட்டு கழன்றது. குதிரை வரிசை கொடு என்று வெளியே கேட்கிறது. உள்ளேயிருந்து வந்ததோ எதுவோ ஒரு வரிசை.

"அர்ரேக்குப் பதிலா ஜாவாவுலயே இருக்கற அர்ரே லிஸ்டப் போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல," என்றாள் பிரவீனா.

"இப்ப வந்து சொல்லு. ஆறு எடத்துல மாத்தோணும். மணி பத்தே கால்."

அந்த நேரம் பார்த்துத்தான் ஆறுச்சாமி பந்தலுக்குள் தலையை நீட்டினார். தோளில் சம்மட்டி, இடுப்பில் கருவேலங்குச்சிக் கட்டு, கால் முட்டிவரை புழுதி. ஆளும் கோபமாக இருந்தார், அதுவும் மரியாதையான கோபம்.

"அம்மணி, ஒரு நிமிசம் வந்து ஒரு ஞாயம் சொல்லிட்டுப் போ. நீ போனவாரம் போன்ல என்ன சொன்னே?"

"என்னங்கப்பா சொன்னேன்?"

"எந்த வரிசைக்கு என்ன உருப்படின்னு கேட்டேன். இன்னும் முடிவாகலீங்கப்பா, எல்லாத்துக்கும் பொதுவா ஒரே மாதிரி அடிச்சுப்போடுங்கன்னு சொன்னே. நானும் மக சொல்றாளேன்னு மூணாவது வரிசையில மாட்டுக் குச்சியா ஒரு மொழத்துக்கு அடிச்சுப்போட்டேன். நேத்துப் பொழுதோட இவரு குதிரையக் கொண்டாந்து கட்டினாரு." தம்பிதுரைப் பக்கம் மோவாயைக் காட்டினார். "அது ஒரு துள்ளு துள்ளுச்சு. குச்சிய உருவி எடுத்துட்டுப் போயி, ஆட்டுப்பட்டியில நின்னு ஒரு மூட்டை ராகியத் தின்னுபோட்டுது."

"அரை மூட்டைதானுங்க," என்றார் தம்பிதுரை.

"குதிரைக்குன்னா ஒன்றரை மொழக் குச்சி, சாய்ச்சு அடிக்கோணும். மாட்டுக்கு ஒரு மொழம், நேரா. ஆட்டுக்கு ரண்டு தலைப்புல குச்சி, நடுவுல நீட்டுக் கவுறு. பொதுக் குச்சின்னு ஒரு குச்சி எந்த ஊர்லீங்க இருக்குது? என்ன கட்டப் போறேன்னு சொல்லாம நான் எப்படி அடிக்கறது?"

யுவஸ்ரீ அப்பாவைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள். மூன்று வாரம் முன்பு அந்தச் சிவப்புக் கோடு சொன்னதும் இதே வாக்கியம்தான். இரண்டு பேரிடமும் அவள் சொன்ன சமாதானமும் ஒன்றேதான்.

அவளுக்குக் கொல்லென்று சிரிப்பு வந்தது. பயத்தின் நடுவில் வருகிற அந்தச் சிரிப்பு. அடக்கினால் கண்ணில் தண்ணீர் வரும்.

"என்னத்துக்கு இளிக்கறே?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. மூணாவது குதிரை. நாலாவது அஞ்சாவது மாடு. ஆறாவது ஆடு. ஒண்ணு, ரண்டு எருமை. இனி மாறாது."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்று ஆறுச்சாமி கட்டை இறுக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் சம்மட்டிச் சத்தம் தொடங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவர் எண்ணுகிற குரலும் வந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட குரல், கேட்ட எண்ணிக்கை. அதனாலேயே யுவஸ்ரீயின் காதில் அது ஏறவில்லை.

அவள் விரல் பறந்தது. வரிசை பிறக்கும்போதே அதற்கு இனம் சொல்லியாக வேண்டும். 'டி' என்ற எழுத்து கம்பைலரைத் தாண்டினால் அழிந்துபோகும், ஓடுகிற நேரத்தில் அதைக் கேட்டால் கிடைக்காது. ஆகவே குதிரை என்கிற கிளாஸையே கையில் கொடுத்து, இதற்கு இத்தனை இடம் என்று ஜாவாவிடம் நேராகக் கேட்கிற வழியைப் பிடித்தாள். வரிசை உண்டாகிற ஆறு இடத்திலும் இனத்தின் பெயரைச் சேர்த்தாள். பிரவீனா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வரி வரியாகச் சரிபார்த்தாள்.

"இன்னும் மஞ்சக் கோடு வருதுடி."

"வரட்டும். இப்ப ஒட்டற சீட்டு நெசமான சீட்டு. உள்ள குதிரைதான் இருக்குது."

பத்து நாற்பது. ஓட்டினாள். சீட்டு கழலவில்லை. வரிசை முழுசாக வெளியே வந்தது. இரண்டு பேரும் மேசைக்கடியில் கையைத் தட்டிக்கொண்டார்கள். தட்டிய கை எடுக்குமுன் மறுபடி விழுந்தது.

"இப்ப என்ன?"

"நல்."

இடம் போட்டால் மட்டும் ஆகாது, போட்ட இடத்தில் ஒன்றை வைக்கவும் வேண்டும். வைக்காத இடத்தில் நல், அதாவது ஒன்றுமில்லை, என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். உனக்குப் பேர் என்ன என்று அதைக் கேட்டால் முழு புரோகிராமும் படுத்துவிடும். பதிவானது இருபத்துநாலு குதிரை. மூணாவது வரிசைக்கு இருபத்தஞ்சு குச்சி செதுக்கிப்போட்டேன் என்று அப்பா சொன்னதால் அவள் போட்டது இருபத்தைந்து இடம். ஒன்று உபரியாக இருந்துவிட்டுப் போகட்டும், கடைசி நேரத்தில் யாராவது வந்தால் ஆகும் என்று விட்டிருந்தாள். இத்தனை நாளும் உருப்படியைக் கூப்பிட்டு உன் இடம் எது என்று கேட்டதால் அந்தக் காலி இடத்தின் பக்கமே போகவில்லை. இப்போது ஒவ்வொரு இடமாகப் போய் நீ யார் என்று கேட்கிறாள்.

"நல் இருக்கற எடத்துல காலின்னு எழுதிக் காட்டிரு," என்றாள் பிரவீனா. ஒரு வரி. எழுதினாள். பத்து ஐம்பத்தாறு. ஓட்டினாள். ஓடியது. மறுபடி ஓட்டினாள். ஓடியது.

"அம்மணி, ஆச்சா?" தெய்வாத்தாள் எழுந்து நின்று சேலை மடிப்பை நீவிவிட்டார்.

"ஆச்சுங்கம்மா."

நாற்பது பேர் இருநூறு பேராகியிருந்தார்கள். பந்தலுக்குள் இடமில்லாமல் வெளியே வெயிலில் நின்றவர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பசுவைக் கயிற்றில் பிடித்தபடி சின்னாத்தாளும் ஒரு ஓரம் நின்றாள். பசுவும் திரையைப் பார்த்தது.

குதிரை வரிசையை முதலில் போடச் சொன்னார்கள். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் ஒன்றை லேப்டாப்பின் மேல் வைத்தார்கள். அது உருண்டு கீழே விழ, பிரவீனா தாவிப் பிடித்தாள். தெய்வாத்தாள் தன் ஆள்காட்டி விரலால், கொப்பரையைச் சோதிக்கிற மாதிரி, பொத்தானை ஒரு குத்துக் குத்தினார்.

திரை நிறைந்தது. ஒன்றிலிருந்து இருபத்தைந்துவரை. இருநூறு பேரும் வாயை அசைத்து ஒரே நேரத்தில் படித்தார்கள்.

ஒன்று, தம்பிதுரை, வெள்ளைக் குதிரை.

வரிசையின் தொட்டிப் பக்கத்துத் தலைப்பு. தம்பிதுரை மீசையைத் தடவினார். அவருடைய மூன்று மச்சான்களும் தங்கள் தங்கள் மீசையைத் தடவினார்கள். பின்னால் யாரோ, "அட, பொட்டிக்கும் டெம்போக்காரனத்தான் புடிக்குது," என்றார்கள். அப்புறம் பந்தலுக்கு வெளியே நின்ற ஒரு பெரியவர் திரும்பி, திடலில் புதிதாக அடித்து முடித்திருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"ஏனுங்க, மொதக் குச்சி சாமிக் குச்சியல்லோ?"

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையின் முதல் குச்சியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஆவாரங்கரட்டில் எந்த வரிசையிலும் முதல் குச்சியில் உருப்படி கட்டுவதில்லை. அது ஊர்ச் சாமி வந்து நிற்கிற இடம். பிறந்த பிள்ளைக்கும் தெரியும். யுவஸ்ரீக்கும் தெரியும்.

தம்பிதுரையின் கை மீசையில் அப்படியே நின்றது. "சாமிக் குச்சியில என்ற குதிரையா? வேண்டாமுங்க. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

"ஒம்போதாவதுல காலின்னு வேற போட்டிருக்குது," என்றான் மச்சான்களில் ஒருவன். "சாமிய ஒம்போதாவது குச்சிக்கு மாத்திப்போட்டாங்களாட்டம் இருக்குது."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தெய்வாத்தாள் கண்ணாடியை இறக்கினார். "அம்மணி, நான் அன்னைக்கு என்ன சொன்னேன்?"

யுவஸ்ரீ திரையையே பார்த்தாள். பிரவீனா அவள் முழங்கையைப் பிடித்தாள். எங்கே தப்பு? இடம் இருபத்தைந்து. குச்சி இருபத்தைந்து. குதிரை இருபத்துநாலு. ஒன்று காலி. காலி எங்கே இருக்க வேண்டும்?

பந்தலுக்கு வெளியே அப்பா சம்மட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். மகள் மாட்டிக்கொண்டதை அந்த முகம் அறிந்திருந்தது. எப்படி மாட்டினாள் என்று அறியவில்லை.

"அப்பா," என்றாள். சத்தமாகத்தான் வந்தது. "மூணாவது வரிசையில எத்தன குச்சீன்னு எண்ணிக் காட்டுங்க."

"இப்பத்தானே அடிச்சேன்."

"எண்ணுங்கப்பா. கேக்கற மாதிரி."

ஆறுச்சாமி தோளைக் குலுக்கிவிட்டு வரிசைத் தலைப்புக்குப் போனார். ஒவ்வொரு குச்சியையும் சம்மட்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே நடந்தார்.

"சாமி. ஒண்ணு. ரண்டு. மூணு. நாலு..."

யுவஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டுக்கேட்டுக் காதுக்குள் புதைந்து கிடந்த எண்ணிக்கை இப்போதுதான் மேலே வந்தது. அப்பா கடைசிக் குச்சியைத் தட்டும்போது "இருபத்துநாலு" என்றார். இருபத்தைந்து குச்சி, கடைசி எண் இருபத்துநாலு.

ஜாவாவும் அப்படித்தான் எண்ணும். இருபத்தைந்து இடம் போட்டால் முதல் இடம் பூஜ்ஜியம், கடைசி இடம் இருபத்துநாலு. இது சனத்துக்குப் புரியாது, சனம் ஒன்றிலிருந்துதான் எண்ணும் என்று நினைத்து, திரையில் காட்டும்போது ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கூட்டிக் காட்டினாள் அவள். மற்ற ஊருக்கு அது சரி. தன் சொந்த ஊருக்கு, பூஜ்ஜியத்தில் சாமியை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பிக்கிற இந்த ஊருக்கு, அவள் புரியவைக்கப் போய்க் கெடுத்திருக்கிறாள்.

"அம்மா," என்றாள் தெய்வாத்தாளிடம். முகம் மலர்ந்துவிட்டது. "பொட்டி தப்பு பண்ணலீங்க. அது நம்மூர்க் கணக்காத்தான் எண்ணுச்சு. நாந்தான் நடுவுல பூந்து ஒண்ணு கூட்டிப்போட்டேன். சாமி எடத்தையும் சேர்த்துக் குலுக்கிப்போட்டேன். எடுத்துப்போட்டாப் போதும்."

"தப்பிப்போச்சுன்னா அதோட சரின்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க. ஆனா இன்னும் ஒரு உருப்படியும் கட்டலீங்க. குச்சி நட்டது நட்டபடி இருக்குது. ராகுகாலம் பொறக்கறதுக்குள்ள நான் சரியாக் காட்டலீன்னா நானே எந்திரிச்சுப் போயர்றேன்."

தெய்வாத்தாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்திரண்டு. கூட்டத்தைப் பார்த்தார். பிறகு யுவஸ்ரீயின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தன நிமிசம்?"

"பத்துங்க."

"அஞ்சு. ஏனுங்க, எல்லாத்துக்கும் மோர் ஊத்துங்க. மோரு தீர்றதுக்குள்ள இவ காட்டோணும்."

"அப்ப சாமிக்கு அடுத்த குச்சி எனக்குத்தானுங்களே?" என்றார் தம்பிதுரை. "எனக்கு ஒண்ணுன்னு வந்துச்சு. இப்ப ஒண்ணு அதுதானே."

"சாமிகிட்டயே கேட்டுச் சொல்றேன், உக்காரு," என்றார் தெய்வாத்தாள்.

மோர்க் குடம் வலம் வந்தது. யுவஸ்ரீ மூன்று இடத்தில் கை வைத்தாள். குலுக்கிய குதிரைகளை வைக்கும்போது பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு ஒன்றாம் இடத்திலிருந்து வைக்கச் சொன்னாள். திரையில் கூட்டிய அந்த ஒன்றை அழித்தாள். அழிக்கிறபோது தன்னைத்தானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியது. கடைசியாக, இடத்தில் நல் இருந்தால் காலி என்று காட்டு என்று எழுதியிருந்த வரிக்கு வந்தாள். காலி என்ற சொல்லை எடுத்துவிட்டு அங்கே சாமி என்று அடித்தாள்.

பிரவீனா அதைப் படித்துவிட்டு வாயில் இருந்த மோரைச் சிரமப்பட்டு விழுங்கினாள். "நல்லைக் கும்புடற மொத ஊரு உங்க ஊருதான்டி."

"ஓட்டு, ஓட்டு. மோர் தீர்ந்துருச்சு."

தெய்வாத்தாள் மறுபடி வந்து விரலால் ஒரு குத்து. எல்லாப் பேரும் புதிதாகக் குலுங்கின.

முதல் வரியில் எண்ணே இல்லை. சாமி என்று மட்டும் நின்றது. அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று. வெயிலில் நின்ற சனம் திரையைப் பார்த்தது, திரும்பி வரிசையைப் பார்த்தது, மஞ்சள் துணியைப் பார்த்தது, மறுபடி திரையைப் பார்த்தது. பிறகுதான் ஒரு சத்தம் எழும்பியது. குலவையில்லை, கைதட்டலில்லை, இருநூறு பேர் ஒரே நேரத்தில் "ஆமா" என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி ஒரு சத்தம். முதல் கேள்வி கேட்ட பெரியவர் திரையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

தம்பிதுரை தன் பெயரைத் தேடிக்கொண்டே வந்து வந்து, திரையின் அடியில் போய் நின்றார். இருபத்துநாலு. வேலியோரம். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"மச்சான்," என்றான் ஒருவன் மெதுவாக, "நாம ஒண்ணொண்ணாவே காட்டச் சொல்லியிருக்கலாம்."

மாட்டு வரிசை வந்தது. நாலாவது வரிசை, முப்பது மாடு. சாமி. ஒன்று, பெருந்துறையிலிருந்து வந்த யாரோ. இரண்டு, மூன்று என்று படித்துக்கொண்டே போனவர்கள் கடைசிக்கு வந்ததும் நின்றார்கள். முப்பது, சின்னாத்தாள், பர்கூர்ச் செவலை. மறுபடி அதே வேலியோரம்.

பந்தலில் எல்லோரும் திரும்பிச் சின்னாத்தாளைப் பார்த்தார்கள். யுவஸ்ரீ அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். மூன்று வாரம் தூங்காமல் எழுதியது இதற்கா.

சின்னாத்தாள் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "பெத்த பொண்ணு கையில பொட்டியக் கொடுத்தும் எனக்கு வேலிதானா சாமி," என்றாள்.

தம்பிதுரைதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "சின்னாத்தாக்கா, இப்பத்தானுங்க எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. இவ நெசமாவே குலுக்கித்தான் போட்டிருக்கறா. ஏனுங்க தலைவரே, எழுதிக்குங்க. என்ற பக்கம் ஆட்சேபணை இல்லீங்க. என்ற மச்சானுங்க பக்கமும் இல்லீங்க."

"நான் மூணு மச்சானையும் தனித்தனியாக் கேக்கோணும்," என்று தெய்வாத்தாள் ஒவ்வொருத்தனாகக் கேட்டார். மூவரும் தலையாட்டினார்கள். மீதி நாலு வரிசையும் பதினொன்று ஐம்பதுக்குள் முடிந்தது. அம்மாள் கமிட்டி நோட்டை எடுத்து, கண்ணாடியை ஏற்றி, வருஷா வருஷம் என்று எழுதி அடிக்கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார். நோட்டை மூடுவதற்குமுன் யுவஸ்ரீயைப் பார்த்து, "அடுத்த வருசம் என்ன உருப்படின்னு உங்கப்பனுக்கு முந்தியே சொல்லிப்போடு. ராகி வெல தெரியுமல்லோ," என்றார்.

திடலில் கூட்டம் கலைந்து அவரவர் குச்சியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையின் கடைசியும் நாலாவது வரிசையின் கடைசியும் வேலியோரம் எதிரும் புதிருமாக முடிந்தன. வெள்ளைக் குதிரை அங்கே போய் நின்றதும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்ற சனமெல்லாம் அதைப் பார்க்க வேலிக்கு நகர்ந்தது. ஆவாரங்கரட்டுக்கு வருகிறவர்கள் அந்தக் குதிரையைப் பார்க்காமல் போனதில்லை. அதைப் பார்த்தவர்கள் திரும்பினால் எதிரே செவலைப் பசு. இரண்டு பேர் ஏற்கனவே அதன் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னாத்தாள் அவர்களை மதிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். விற்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

ஆறுச்சாமி அடுத்த கட்டுக் குச்சியைத் தோளில் ஏற்றினார். "அஞ்சாவது வரிசையும் மாடுதானே அம்மணி? எத்தன?"

"மாடுதானுங்கப்பா. முப்பது."

"இப்பச் சொன்னே பாரு, இது பேச்சு."

லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு யுவஸ்ரீ அவர் பின்னால் ஓடினாள். எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் பிரவீனா அவள் பின்னால் ஓடினாள். சம்மட்டி இறங்கியது.

"சாமி," என்றார் அப்பா.

"சாமி," என்று திரையைப் பார்த்துப் படித்தாள் மகள்.

"ஒண்ணு."

"ஒண்ணு. அந்தியூர் ஆமினா பீவி, காளை."

"வரச் சொல்லு. நேராத்தான் அடிச்சிருக்கேன்."